கடன் வாங்கிய ஒன்றும் கலப்புப் பின்னமும்

அக்காவின் மகள் விடுமுறைக்கு என்னிடம் வந்து தங்கியிருந்தபோது, அவளுடைய கணக்கு நோட்டை ஒரு நாள் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் 5 1/4 − 2 3/4 என்ற கணக்கு மூன்று முறை எழுதப்பட்டு, மூன்று முறையும் அடிக்கப்பட்டிருந்தது. (முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டு எழுதுகிறேன், 5 1/4 என்பதை ஐந்தே கால் என்று படித்துக்கொள்ளுங்கள்.) முதல் முறை அவள் கண்ட விடை 3 2/4. ஐந்தில் இரண்டு போக மூன்று என்பது சரிதான். ஆனால் காலிலிருந்து முக்காலைக் கழிக்க வழி தெரியாததால், முக்காலிலிருந்து காலைக் கழித்து வைத்துவிட்டாள். இரண்டாம் முறை, கடன் வாங்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. ஐந்தை அடித்து நான்கு என்று மாற்றி, கடன் வாங்கிய ஒன்றைக் கொண்டுபோய்த் தொகுதியில், அதாவது பின்னக் கோட்டுக்கு மேலே, இருந்த 1-க்கு முன்னால் ஒட்டி, 4 11/4 என்று எழுதியிருந்தாள். அதிலிருந்து 2 3/4 போக 2 8/4. மூன்றாம் முறை கணக்கை மட்டும் எழுதி, சமக்குறி போட்டு, அதற்குமேல் போகாமல் பென்சிலை அழுத்திக் கோடு இழுத்திருந்தாள்.

அந்த இரண்டாம் விடையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2 8/4 என்பது உண்மையில் 4. ஐந்தே காலிலிருந்து ஏறக்குறைய மூன்றை எடுத்த பிறகும் நான்கு மிஞ்சுகிறது என்று அந்த விடை சொல்கிறது. ஆனால் அந்தப் பிழைக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 52 − 27 என்ற கழித்தலில் ஐந்திலிருந்து கடன் வாங்கிய ஒன்று, பத்தாக மாறி இரண்டோடு சேர்ந்து பன்னிரண்டு ஆகிறது. இரண்டுக்கு முன்னால் ஒன்றைப் போட்டால் போதும் என்ற அந்தப் பழக்கத்தைத்தான் அவள் பிசகாமல் இங்கேயும் கடைப்பிடித்திருக்கிறாள். அடுத்த இடத்துக்குப் போகும் ஒன்று எப்போதும் பத்தாகத்தான் மாறும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மாறாது என்றும் யாரும் சொல்லவில்லை.

ஒரே நீளத்தில் ஐந்து காகிதப் பட்டைகளை வெட்டி மேசையில் வைத்தேன். ஆறாவதாக ஒரு பட்டையை நான்காக மடித்துக் கிழித்து, அதில் ஒரு துண்டை மட்டும் அவற்றின் பக்கத்தில் வைத்தேன். இதுதான் ஐந்தே கால். இதிலிருந்து இரண்டு முழுப் பட்டைகளையும் மூன்று கால் துண்டுகளையும் எடுத்துத் தரச் சொன்னேன். இரண்டு பட்டைகளை உடனே எடுத்துக் கொடுத்துவிட்டாள். கால் துண்டு ஒன்றுதான் இருந்தது. சற்று யோசித்து, மீதமிருந்த பட்டைகளில் ஒன்றைத் தானாகவே எடுத்து நான்காக மடித்துக் கிழித்தாள்.

“இப்போது உன்னிடம் எத்தனை கால் இருக்கிறது?”

“அஞ்சு கால், சித்தி.”

“நோட்டில் பதினொன்று என்று எழுதியிருக்கிறாயே?”

அவள் நோட்டைப் பார்த்தாள், துண்டுகளைப் பார்த்தாள், பிறகு 11 என்பதை அடித்துவிட்டு 5 என்று எழுதினாள். 4 5/4 − 2 3/4 = 2 2/4, அதாவது இரண்டரை. மேசையிலும் இரண்டு பட்டைகளும் இரண்டு துண்டுகளும் கிடந்தன. கடன் வாங்கிய ஒன்று, கால்களின் கூட்டத்துக்குள் போகும்போது நான்கு கால்களாகிறது. எட்டில் ஒன்றுகளின் கூட்டத்துக்குள் போனால் எட்டாகிறது. பதினெட்டில் ஒன்றுகளிடம் போனால் பதினெட்டாகிறது. போகும் இடத்தின் பகுதி எண், அதாவது கோட்டுக்குக் கீழே இருக்கும் எண், எதுவோ, அத்தனையாக அது உடைகிறது.

அன்று தொடங்கி அவள் ஊருக்குத் திரும்பும் வரை, நாள்தோறும் ஐந்து கணக்குகள் என்று வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்தே போட்டோம். நானும் ஒரு தனி நோட்டில் போட்டேன். பள்ளியில் எனக்குப் பின்னங்களைச் சொல்லித்தந்தவர் கேள்வி கேட்பதை விரும்பாதவர். விதியைச் சொல்லி, நாற்பது கணக்குகளை எழுதிப்போட்டு, போடச் சொல்லிவிடுவார். விதிகள் எனக்கு மனப்பாடமாகத்தான் இருந்தன. ஆனால் விடை தவறாக வந்தால் அது தவறு என்று எனக்குத் தெரியாது; சிவப்பு மையால் யாராவது அடித்த பிறகுதான் தெரியும். பின்னப் பயிற்சியின் நோக்கம் இந்தக் குறையைப் போக்குவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழுதியிருக்கும் எண் எவ்வளவு பெரியது என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். விதி அதற்குப் பிறகு வரட்டும்.

எண்ணைப் பார்ப்பதற்குத் தமிழே ஓர் உதவியைச் செய்கிறது. 3/4 என்பதை வகுப்பறைகளில் ‘மூன்று பை நான்கு’ என்று படிக்கிறோம். அப்படிப் படிக்கும்போது காதில் விழுவது இரண்டு எண்கள் மட்டுமே. அவை இரண்டும் சேர்ந்து ஓர் அளவைக் குறிக்கின்றன என்பது காதில் விழுவதில்லை. ‘நான்கில் மூன்று’ என்று படித்தால் நிலைமை மாறிவிடுகிறது. முதலில் பகுதி வருகிறது: முழுமையை எத்தனையாகப் பிரித்தோம் என்பது. பிறகு தொகுதி வருகிறது: அவற்றில் எத்தனையை எடுத்தோம் என்பது. பகுதி ஒரு பெயர்; தொகுதி ஓர் எண்ணிக்கை. ‘ஏழில் ஒன்று’ என்ற பெயருடைய துண்டுகள் மூன்றும் அதே பெயருடைய துண்டுகள் இரண்டும் சேர்ந்தால், அந்தப் பெயருடைய துண்டுகள் ஐந்து. ஆகவே 3/7 + 2/7 = 5/7. பெயர்கள் ஒன்றோடொன்று கூடுவதில்லை. பகுதிகளையும் கூட்டி 5/14 என்று எழுதுபவர்கள் பெயரை எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள்.

கலப்புப் பின்னத்திலும் இதே உதவி கிடைக்கிறது. இரண்டே முக்கால், மூன்றே கால், ஏழரை என்று சொல்லும்போது, முழு எண்ணும் பின்னமும் கூடி நிற்கின்றன என்பது சொல்லிலேயே இருக்கிறது. ‘இரண்டே’ என்பதன் கடைசியில் வரும் அந்த ஏகாரம், எழுத்தில் விடுபட்டுப்போன கூட்டல் குறியின் வேலையைச் செய்கிறது. 2 3/4 என்று எழுதுகிறோமே தவிர, அது 2 + 3/4 தான். இந்தக் கூட்டல் குறி கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது, பின்னாளில் இயற்கணிதம் படிக்கும்போது ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. ஏனென்றால் அங்கே 2a என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பெருக்கல் என்று பொருள். இரண்டு பழக்கங்களும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டியிருப்பதால், தொடக்கத்திலேயே கலப்புப் பின்னங்களைக் கூட்டல் குறியோடு சில நாள்கள் எழுதிப் பழகுவது நல்லது. இந்தியக் கணித மரபில் முழு எண்ணை உச்சியிலும், அதற்குக் கீழே தொகுதியையும், அதற்கும் கீழே பகுதியையும் அடுக்கி எழுதினார்கள். தொகுதிக்கும் பகுதிக்கும் நடுவே கோடு கிடையாது. அரபு மொழியில் எழுதிய கணிதர்கள் 12-ஆம் நூற்றாண்டில் அந்தக் கோட்டைப் பயன்படுத்தினார்கள். 1202-இல் இத்தாலியக் கணிதர் ஃபிபோனாச்சி எழுதிய நூலின் வழியாக அது ஐரோப்பாவில் பரவியது. அந்த அடுக்கைப் பார்த்துப் படித்தவர்களுக்கும் கூட்டலை மனத்துக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டிய தேவை இருந்திருக்கும்.

எங்கள் ஐந்து கணக்குகளுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். பென்சிலைக் கணக்கில் வைப்பதற்கு முன், இடது ஓரத்தில் உத்தேச விடையை எழுதிவிட வேண்டும். அவளுக்கு இது முதலில் பிடிக்கவில்லை. விடை தெரியாமல் விடையை எப்படி எழுதுவது என்று கேட்டாள். ஒவ்வொரு பின்னத்தையும் பார்த்து, அது பூச்சியத்துக்குப் பக்கத்திலா, அரைக்குப் பக்கத்திலா, ஒன்றுக்குப் பக்கத்திலா என்று மட்டும் சொல்லச் சொன்னேன். தொகுதி பகுதியில் பாதியளவு இருந்தால் அரை. பகுதியை நெருங்கினால் ஒன்று. பகுதியோடு ஒப்பிட மிகச் சிறிதாக இருந்தால் பூச்சியம். இவ்வளவுதான் விதி.

இந்தச் சின்னப் பழக்கம் எவ்வளவு அரிதானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 1978-இல் நடந்த தேசிய அளவிலான கற்றல் மதிப்பீட்டில், 13 வயது மாணவர்களிடம் 12/13 + 7/8 என்பதன் உத்தேச விடை எது என்று கேட்டு, 1, 2, 19, 21 ஆகிய நான்கு எண்களைக் கொடுத்தார்கள். இரண்டு பின்னங்களும் ஒன்றை ஒட்டியவை என்பதால் விடை 2. அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 24 சதவீதம் மட்டுமே. 28 சதவீதத்தினர் 19 என்றும், 27 சதவீதத்தினர் 21 என்றும் சொன்னார்கள். பத்தொன்பது என்பது தொகுதிகளின் கூடுதல். இருபத்தொன்று என்பது பகுதிகளின் கூடுதல். பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே நான்கு முழு எண்களைப் பார்த்தார்களே தவிர, இரண்டு பின்னங்களைப் பார்க்கவில்லை. இதைச் சொன்னபோது அக்கா மகள் சிரிக்கவில்லை. தன் நோட்டில் இருந்த 2 8/4 என்ற பழைய விடையைத் திருப்பிப் பார்த்தாள்.

கூட்டலைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. கலப்புப் பின்னம் என்றாலே அதைத் தகாப் பின்னமாக (தொகுதி பகுதியைவிடப் பெரிதாக இருக்கும் பின்னமாக) மாற்றிவிட்டுத்தான் வேறு வேலை என்று பலர் பழக்கியிருக்கிறார்கள். கூட்டலுக்கு அது வீண் உழைப்பு. 17 5/6 + 28 3/8 என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், 107/6 + 227/8 என்று எழுதி, 24-ஐப் பொதுப் பகுதியாக வைத்து, 428-ஐயும் 681-ஐயும் கூட்டி, 1109/24 என்று கொண்டுவந்து, மறுபடி 24-ஆல் வகுத்து 46 5/24 என்று முடிக்க வேண்டும். மாற்றாமல் போட்டால், 17-உம் 28-உம் 45. பின்னங்கள் 20/24, 9/24 சேர்ந்து 29/24, அதாவது 1 5/24. ஆக மொத்தம் 46 5/24. முழு எண்கள் தனியாகவும் பின்னங்கள் தனியாகவும் நடந்துபோய்க் கடைசியில் சந்திக்கின்றன. எண்கள் சிறியதாக இருப்பதால் பிழைக்கும் இடம் குறைவு. இடையில் எங்கு நின்று பார்த்தாலும் எவ்வளவு இருக்கிறது என்பது தெரிகிறது. 1109/24 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை.

பொதுப் பகுதி காணும்போது மீச்சிறு பொது மடங்கைத்தான் (மீ.சி.ம.) எடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. எந்தப் பொது மடங்கும் சரியான விடையைத் தரும். 7/12 + 5/18 என்பதற்கு 12-ஐயும் 18-ஐயும் பெருக்கி 216-ஐ வைத்தால் 126/216 + 60/216 = 186/216 வரும்; அதை 6-ஆல் சுருக்கினால் 31/36. மீ.சி.ம. 36-ஐ முதலிலேயே வைத்தால் 21/36 + 10/36 = 31/36 நேராக வந்துவிடும். மீ.சி.ம. காணத் திணறும் பிள்ளையை அதிலேயே நிறுத்திவைப்பதைவிட, பெருக்கி எழுதிச் சுருக்கவிடுவது மேல் என்பது என் எண்ணம். நாலைந்து முறை 216, 288 என்று சுமந்தபின், 36 போதுமே என்ற எண்ணம் தானாக வருகிறது.

கழித்தலுக்குக் கடன் வாங்கும் வழி ஒன்று மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு வழியை அவளோடு போடும்போதுதான் கண்டுகொண்டேன். இப்போது அதுவே எனக்குப் பிடித்த வழி. 9 1/6 − 4 5/8 என்று வைத்துக்கொள்வோம். உத்தேசம் நாலரை. கடன் வாங்கினால், 9 4/24 என்பதை 8 28/24 ஆக்கி, 4 15/24-ஐக் கழித்து, 4 13/24 என்று முடிக்கலாம். மாறாக, 4 5/8 என்பதை 5 ஆக்குவதற்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள்: 3/8. இரண்டு எண்களோடும் அந்த 3/8-ஐக் கூட்டிவிட்டால் அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறாது. எண்கோட்டில் இரண்டு புள்ளிகளையும் ஒரே அளவு வலப்பக்கம் நகர்த்துவது போன்றது அது. கழிக்க வேண்டிய எண் 5 ஆகிறது; முதல் எண் 9 4/24 + 9/24 = 9 13/24 ஆகிறது; ஐந்து போக 4 13/24. கடன் என்ற பேச்சே இல்லை. எப்போதும் இது சுருக்கமான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டு ஒரே விடையைக் காணும்போது, சரிபார்ப்பதற்கு விடைப் பக்கத்தைத் திருப்பவேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

பெருக்கலில் நிலைமை தலைகீழ். கூட்டலில் நன்றாக வேலை செய்த ‘முழு எண் தனி, பின்னம் தனி’ என்ற வழி இங்கே காலை வாரிவிடும். 2 1/2 × 3 1/2 என்று கொடுத்தேன். உத்தேசமாக எட்டு இருக்கும் என்று ஓரத்தில் சரியாகவே எழுதினாள். பிறகு இரண்டு மூன்று ஆறு, அரை அரை கால் என்று பெருக்கி 6 1/4 என்று முடித்தாள். எட்டு எங்கே, ஆறேகால் எங்கே என்று அவளே விழித்தாள். உத்தேசம் எழுதும் வழக்கத்தை அவள் அன்றுதான் ஏற்றுக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

கட்டம் போட்ட தாளில் நீளம் மூன்றரை, அகலம் இரண்டரை என்று ஒரு செவ்வகம் வரைந்து, முழு எண் முடியும் இடத்தில் நெடுக்காக ஒரு கோடும் குறுக்காக ஒரு கோடும் போட்டோம். செவ்வகம் நான்கு துண்டுகளாயிற்று. பெரிய துண்டு 2 × 3 = 6. மூலையில் இருக்கும் சின்னத் துண்டு 1/2 × 1/2 = 1/4. இவை இரண்டைத்தான் அவள் எழுதியிருந்தாள். பக்கவாட்டில் 2 × 1/2 = 1 என்று ஒரு துண்டும், அடியில் 3 × 1/2 = 1 1/2 என்று ஒரு துண்டும் கணக்கில் வராமல் நின்றன. அவற்றையும் சேர்த்தால் 6 + 1 + 1 1/2 + 1/4 = 8 3/4. தகாப் பின்னமாக மாற்றிப் பெருக்கினாலும் 5/2 × 7/2 = 35/4, அதே எட்டே முக்கால். பெருக்கலுக்கு முன் தகாப் பின்னமாக மாற்றச் சொல்வது ஏன் என்பதும் இப்போது விளங்குகிறது: நான்கு பெருக்கல்களை ஒன்றாக்கிவிடுகிறது அந்த மாற்றம்.

இந்தச் செவ்வகத்திலிருந்து ஓர் அழகான குறுக்குவழியும் கிடைக்கிறது. இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அரையில் முடியும் எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டுமானால், முழு எண்ணை அடுத்த முழு எண்ணால் பெருக்கிக் காலைச் சேர்த்தால் போதும். 3 1/2 × 3 1/2 என்பது மூன்றையும் நான்கையும் பெருக்கி 12 1/4. 7 1/2 × 7 1/2 என்பது 56 1/4. அரை மட்டுமல்ல, முழு எண்கள் இரண்டும் சமமாக இருந்து பின்னங்கள் இரண்டும் கூடி ஒன்றானாலும் இது நடக்கும்: 4 1/3 × 4 2/3 என்பதற்கு 4 × 5 = 20, அதோடு 1/3 × 2/3 = 2/9; விடை 20 2/9. பக்கவாட்டுத் துண்டும் அடித்துண்டும் சேர்ந்து ஒரு முழு வரிசையாகிவிடுவதைப் படத்தில் பார்த்ததும் அவள் தானாகப் பத்துக் கணக்குகள் போட்டுப் பார்த்தாள்.

பெருக்கலில் குறுக்கே அடித்துச் சுருக்குவது நல்ல வசதி. 4 2/7 × 2 4/5 என்பது 30/7 × 14/5; முப்பதை ஐந்தாலும் பதினான்கை ஏழாலும் சுருக்கினால் 6 × 2 = 12. ஆனால் இந்தப் பழக்கம் கூட்டலுக்குள் நுழைந்துவிட்டால் ஆபத்து. 3/8 + 4/9 என்பதில் மூன்றையும் ஒன்பதையும், நான்கையும் எட்டையும் குறுக்கே அடித்து 1/2 + 1/3 = 5/6 என்று ஒரு நாள் எழுதினாள். சரியான விடை 27/72 + 32/72 = 59/72. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எழுபத்திரண்டில் ஒன்றுதான். உத்தேசம் இதைப் பிடிக்காது. அளவைப் பார்ப்பது பெரிய பிழைகளைத்தான் காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட நுண்ணிய பிழைக்கு, ஒவ்வொரு பின்னத்தையும் தனியாக எடுத்து, நான் செய்த மாற்றத்துக்குப் பிறகும் அதன் மதிப்பு அப்படியே இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதுதான் மருந்து. 3/8 என்பது 1/2 ஆக மாறியபோதே பிழை நேர்ந்துவிட்டது.

வாக்கியக் கணக்குகளில் தமிழ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. ‘2/3-இல் 1/4’ என்றால் பெருக்கல், விடை 1/6. ‘2/3-இலிருந்து 1/4-ஐக் கழி’ என்றால் விடை 5/12. ‘இல்’ என்ற ஒரே உருபு, பின்னத்தின் பெயரிலும் வருகிறது, பெருக்கலிலும் வருகிறது, ‘இருந்து’ என்பதோடு சேர்ந்து கழித்தலிலும் வருகிறது. அவசரமாகப் படிப்பவர் வழுக்கும் இடம் இதுதான்.

வகுத்தலுக்கு வருகிறேன். ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ என்ற விதியை எனக்குத் தெரிந்த எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எதற்காகத் தலைகீழாக்குகிறோம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் சிலரே. இது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. 1999-இல் கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா வெளியிட்ட ஆய்வில், 23 அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமும் 72 சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடமும் 1 3/4 ÷ 1/2 என்ற கணக்கைக் கொடுத்து, அதற்குப் பொருந்தும் ஒரு வாழ்க்கைச் சூழலையும் சொல்லச் சொன்னார். சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியான விடையைக் கண்டார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே முழுமையாகப் போட்டு முடித்தார்கள். சூழல் சொல்லும்போது அமெரிக்க ஆசிரியர்கள் பலர் ஒன்றே முக்காலை இரண்டு பேருக்குப் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பது ஆகாது.

அதே கணக்கை நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எத்தனை அரை மணி நேரங்கள் இருக்கின்றன? மூன்று அரை மணி நேரங்கள் சேர்ந்து ஒன்றரை மணி. கால் மணி மிஞ்சுகிறது. “மூன்றே கால்,” என்றாள் அவள். நான் முதன்முதலாக இதை யோசித்தபோதும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மிஞ்சியது கால் மணி என்பது உண்மை. ஆனால் நாம் இப்போது எண்ணிக்கொண்டிருப்பது மணிகளை அல்ல, அரை மணிகளை. கால் மணி என்பது ஓர் அரை மணியில் பாதி. ஆகவே விடை மூன்றரை. மிச்சத்தை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்ற இந்தக் கேள்விதான் பின்ன வகுத்தலின் உயிர். அதைத் தொடாமல் விதியை மட்டும் சொல்லிக்கொடுத்தால், விடை வரும், பொருள் வராது.

இதை எழுத்தில் போட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டையும் ஒரே பெயருக்குக் கொண்டுவருவது: 7/4 ÷ 2/4. ஏழு கால்களில் இரண்டு கால்கள் எத்தனை முறை அடங்கும்? 7 ÷ 2, அதாவது 3 1/2. கால் என்ற பெயர் இரு பக்கமும் ஒன்றாகிவிட்டதால் அதற்கு வேலை முடிந்துவிட்டது. இன்னொன்று, தலைகீழியால் பெருக்குவது. ஒரு முழுமையில் மூன்றில் ஒன்றுகள் மூன்று இருக்கின்றன. அவற்றை இரண்டிரண்டாக எடுத்தால் ஒரு முழுமைக்கு 3/2 முறை எடுக்கலாம். ஆகவே 2/3-ஆல் வகுப்பது 3/2-ஆல் பெருக்குவதற்குச் சமம். 5 1/3 ÷ 2/3 என்பதை முதல் வழியில் 16 ÷ 2 = 8 என்று அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். 2 1/2 ÷ 3 1/3 என்று கேட்டபோது விடை ஒன்றைவிடக் குறைவாகத்தான் வரும் என்று முதலில் எழுதிவிட்டு, 5/2 × 3/10 = 3/4 என்று போட்டாள். பெரிய எண்ணால் வகுக்கிறோம் என்பதைக் கவனித்துவிட்டுக் கணக்கில் இறங்கியது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

பயிற்சியை எப்படி அமைப்பது என்பதில் நான் கண்டது ஒன்றுதான்: ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து நாற்பது போடுவதில் பயன் குறைவு. ஐந்தாவது கணக்குக்குள் கை தானாக ஓடத் தொடங்கிவிடும். தலை வேறெங்கோ போய்விடும். ஐந்து கணக்குகளில் ஒரு கூட்டல், கடன் தேவைப்படும் ஒரு கழித்தல், கடன் தேவைப்படாத ஒரு கழித்தல், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல் என்று கலந்து வைத்தால், ஒவ்வொன்றிலும் எந்த வழி என்று நின்று யோசித்தே ஆகவேண்டும். கூட்டலில் தகாப் பின்னமாக மாற்றத் தேவையில்லை, பெருக்கலில் தேவை என்ற வேறுபாடும் இப்படிக் கலந்து போடும்போதுதான் பதிகிறது.

கணக்கு அலுத்துப்போகும் நாள்களில் வேறு மாதிரி விளையாடினோம். 2, 3, 5, 7 ஆகிய நான்கு எண்களை ஒவ்வொரு முறை மட்டும் பயன்படுத்தி, இரண்டு பின்னங்களின் கூடுதல் மிகப் பெரிதாக வருமாறு எழுத வேண்டும். 5/2 + 7/3 = 29/6 என்று தொடங்கி, 7/2 + 5/3 = 31/6 வரை வருவதற்குள் அவள் ஏழெட்டுக் கூட்டல்களைப் போட்டிருந்தாள்; யாரும் போடச் சொல்லவில்லை. இன்னொரு நாள், பழைய எகிப்தியர்கள் 2/3 போன்ற ஓரிரண்டைத் தவிர, தொகுதியில் 1 உள்ள பின்னங்களை மட்டுமே எழுதினார்கள் என்று சொன்னேன். கி.மு. 1550 வாக்கில் அஹ்மெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் சுருளில், தொகுதியில் 2-உம் பகுதியில் 3 முதல் 101 வரையிலான ஒற்றை எண்களும் வரும் பின்னங்களை அப்படிப் பிரித்து எழுதிய அட்டவணையே இருக்கிறது. அதில் 2/13 என்பது 1/8 + 1/52 + 1/104 என்று வருகிறது. சரிதானா பார் என்று கொடுத்தேன். 104-ஐப் பொதுப் பகுதியாக வைத்து 13, 2, 1 என்று கூட்டி 16/104 கண்டு, எட்டால் சுருக்கி 2/13 என்று முடித்தபின், மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒருவரின் கணக்கைத் திருத்தியிருக்கிறேன் என்று அக்காவிடம் தொலைபேசியில் சொன்னாள்.

ஊருக்குப் போன பிறகும் வாரத்துக்கு ஒரு கணக்கு எனக்கு அனுப்புகிறாள். நான் போட்டு அனுப்ப வேண்டும், அவளும் போட்டுவைத்திருப்பாள். போன வாரம் வந்தது 6 2/15 − 2 7/10. நான் இரண்டோடும் 3/10-ஐக் கூட்டி, 6 13/30-இலிருந்து 3-ஐக் கழித்து 3 13/30 என்று அனுப்பினேன். அவள் தன் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். இடது ஓரத்தில் ‘மூன்றரைக்குக் கொஞ்சம் குறைவு’ என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆறு அடிக்கப்பட்டு ஐந்தாகி, 4/30 என்பது 34/30 ஆகியிருந்தது. அந்த ஆறிலிருந்து வலப்பக்கம் ஒரு சின்ன அம்பு போட்டு, அதன் தலைமேல் 30 என்று எழுதி வட்டமிட்டிருந்தாள்.